ஒரு கரண்டியும் ஒரு கிண்ணமும்

ஓட்டலில் அவரை எல்லோரும் சூப்பு மாஸ்டர் என்று கூப்பிட்டார்கள். நாளாவட்டத்தில் அந்தப் பெயர் குடியிருப்பு வாட்ச்மேன், தபால்காரர், கீழ்வீட்டுப் பல் டாக்டர் வரைக்கும் பரவி, கடைசியில் மாஸ்டர் என்று சுருங்கி நின்றது. சமையல்காரர் என்றால் தொந்தியும் தொப்பியுமாக இருப்பார் என்று எதிர்பார்த்து வருகிறவர்கள் அவரைப் பார்த்து ஏமாந்துபோவார்கள். காற்றடித்தால் பறந்துவிடும் உடம்பு. மற்றவர்கள் பேனா செருகும் சட்டைப் பையில் அவர் ஒரு சின்ன எவர்சில்வர் கரண்டியைச் செருகியிருப்பார். நல்லது, கெட்டது, ஆஸ்பத்திரி என்று எங்கே போனாலும் அது கூடவே போகும்.

அந்தக் கரண்டிக்கு ஒரு சட்டம் உண்டு. இளவயதில் அவரை வேலைக்குச் சேர்த்துக்கொண்ட பெரிய மாஸ்டர் போட்ட சட்டம். "எத்தனை சட்டி ஏறினாலும் சரி, ஒரு சட்டிக்கு ஒரு கரண்டி. நாக்குல வை, பாரு, துப்பு, வாயைக் கொப்பளி. குடிக்க ஆரம்பிச்சேன்னு வை, அப்புறம் நீ சமையல்காரன் இல்ல, விருந்தாளி."

மாஸ்டர் இந்தச் சட்டத்தை மீறியதே இல்லை. அவருடைய கிரீம் கார்ன் சூப்புக்காகவே அந்த ஓட்டலில் விருந்து வைத்தவர்கள் உண்டு. வெண்ணெயில் மாவைப் புரட்டி, பாலை ஊற்றி, டின் சோளத்தை அரைத்துக் கொட்டி, கடைசியில் கிரீமைத் தாரையாக விடுவார். கரண்டியைக் கவிழ்த்தால் முதுகில் அப்படியே ஒட்டி நிற்கும். அந்தச் சூப்பை ஒரு கிண்ணம் முழுக்கத் தான் குடித்ததே இல்லை என்பதை அவர் பெருமையாகத்தான் சொல்லிக்கொள்வார்.

அவருடைய மனைவிக்குக் குடியிருப்பில் தையலம்மா என்று பெயர். கல்யாணத்துக்கு முன்னால் அதே ஓட்டலின் தையல் அறையில் மேஜை விரிப்புக்கும் திரைச்சீலைக்கும் ஓரம் அடித்துக்கொண்டிருந்தவள். ஒரு நாள் கிழிந்த ஏப்ரனோடு போன மாஸ்டர், தைத்துக் கொடுத்ததற்குப் பதிலாகச் சமையலறை வாசலுக்கு அவளை வரச் சொல்லி, தன் கரண்டியில் ஒரு வாய் சூப்பை நீட்டினார். அவள் வாங்கிக் குடித்துவிட்டு, "நல்லாயிருக்கு," என்றாள். சிரித்துக்கொண்டே சொன்னாள். மாஸ்டருக்குத் தலைகால் புரியவில்லை. அதற்கப்புறம் ஏப்ரன் அடிக்கடி கிழிந்தது.

கல்யாணமான நாளிலிருந்து சனிக்கிழமைதோறும் ஓர் அகல வாய் ஃபிளாஸ்க்கில் அந்தச் சூப் வீட்டுக்கு வந்தது. எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, அவள் கடைசிச் சொட்டு வரைக்கும் குடிப்பதைப் பார்த்துவிட்டுத்தான் மாஸ்டர் எழுந்திருப்பார். "நீங்க?" என்று அவள் கேட்டால், "நாள் பூரா அதுகூடத்தானே குடித்தனம் பண்றேன்," என்பார். வீட்டில் அவர் அடுப்புப் பக்கம் போனதில்லை. கொண்டுவருவது மட்டும்தான் அவர் வேலை, குடிப்பது அவள் வேலை. அப்படியே காலம் ஓடிவிட்டது.

தையலம்மாவுக்குப் பித்தப்பையில் கல் என்று ஆபரேஷன் நடந்தது இந்த வருஷம்தான்.

ஆபரேஷனில் ஒரு குறையும் இல்லை. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா இரண்டு விஷயம் சொன்னார். "கொஞ்ச நாளைக்கு எண்ணெய், வெண்ணெய், கொழுப்பு எல்லாம் ரொம்பக் கம்மி பண்ணிக்கணும். அதுக்காகப் பட்டினி கிடக்கக் கூடாது. சாப்பிட்டாத்தான் காயம் ஆறும், தெம்பு வரும்." மாஸ்டர் தலையாட்டினார். தையலம்மாவும் தலையாட்டினாள். வீட்டுக்கு வந்ததும் அவள் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

ரொட்டியைக் கொடுத்தால் ஒரு விள்ளல். பழம் என்றால் ஒரு துண்டு. மற்றதற்கெல்லாம் ஒரே பதில், "பசியில்ல." கன்னம் ஒட்டிப்போய், கைவளையல் முழங்கை வரை ஏறி இறங்கியது. வேறு ஊரில் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதித்து எண் சொல்லும் மகள், லீவு போட்டு வந்து கூட இருந்தாள். யாரைப் பார்த்தாலும் எழுத்துப் பலகையைக் காட்டி வாசிக்கச் சொல்வது போலப் பேசுவாள்.

"அப்பா, ஞாயித்துக்கிழமை சாயங்காலம் எனக்கு வண்டி. அதுக்குள்ள அம்மா ஒழுங்கா சாப்பிட ஆரம்பிக்கலேன்னா, என்கூடக் கூட்டிட்டுப் போயிடுவேன். ரெண்டு டிக்கெட்டா எடுத்துட்டேன்."

"எத்தனை நாளைக்கு?"

"தேறி வர்ற வரைக்கும். அங்கேயே புடிச்சுப்போச்சுன்னா அங்கேயே இருக்கட்டும்."

"நான்?"

"உங்களுக்குத்தான் ஓட்டல் இருக்கே."

மாஸ்டர் சட்டைப் பையிலிருந்த கரண்டியை எடுத்துத் துடைத்து மறுபடி செருகிக்கொண்டார்.

அன்றே அவர் ஓட்டலுக்கு லீவு சொல்லிவிட்டு, ஓட்டல் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு வீட்டுச் சமையலறையில் கால் வைத்தார். எது எங்கே இருக்கிறதென்று தெரியாமல் திறந்த டப்பாவையே திரும்பத் திரும்பத் திறந்தார். ஒரு ஆளுக்குச் சமைக்க அவர் கைக்குத் தெரியாது. பிடி என்றால் அவருக்கு ஓட்டல் பிடி, சிட்டிகை என்றால் ஓட்டல் சிட்டிகை. வீட்டிலிருந்த பெரிய பாத்திரம் விளிம்பு வரை நிரம்பியது. கொழுப்பு கூடாது என்றதால் வெண்ணெயையும் கிரீமையும் அடியோடு விட்டார். அதனால் போன கெட்டியை ஈடுகட்ட மக்காச்சோள மாவைக் கரைத்துக் கரைத்து ஊற்றினார். ஆறியதும் சூப் பாத்திரத்தின் வடிவத்தில் உறைந்து நின்றது.

தையலம்மா எழுந்து உட்கார்ந்து கிண்ணத்தைப் பார்த்தாள். அவர் வழக்கம்போல எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். அவள் பார்வை அவர் முகத்துக்கும் கிண்ணத்துக்கும் போய்ப் போய் வந்தது. பிறகு, "பசியில்லங்க," என்று சொல்லிக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள்.

மிச்சமெல்லாம் வாட்ச்மேனுக்குப் போனது. அவர் மறுநாள் பாத்திரத்தைக் கழுவிக் கொண்டுவந்து கொடுத்தார்.

"எப்படி இருந்துச்சு?" என்றார் மாஸ்டர்.

"நல்ல ஒட்டு மாஸ்டர். கேட்டுல நோட்டீஸ் ஒட்ட வேண்டியிருந்துச்சு, அதுக்கும் ஆச்சு."

மாஸ்டருக்கு மூக்கு உடைந்தது. சிரிக்கவில்லை. கடைக்குப் போய் ஒரு சின்ன டப்பா கிரீம் வாங்கிவந்தார். மருந்தளவுக்குப் போட்டால் தப்பில்லை என்று தனக்குத் தானே நியாயம் சொல்லிக்கொண்டார். ஆனால் ஊற்றும்போது கை பழைய கைதானே. நின்றபோது டப்பாவில் பாதி காலி. பாதி என்பது அவர் கணக்கில் ஒன்றுமே இல்லை. கரண்டியில் எடுத்து நாக்கில் வைத்தார், பார்த்தார், துப்பினார். லேசாகத்தான் இருந்தது.

அன்று தையலம்மா ஒரு வாய் குடித்தாள். அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்து இன்னும் நாலைந்து வாய் குடித்தாள். அவர் அடுக்களைக்கும் படுக்கையறைக்குமாகக் குதிகால் தரையில் படாமல் நடந்தார். மத்தியானம் அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குளியலறைக்குப் போனவள், வெளியே வர வெகுநேரம் ஆயிற்று.

மகள் அடுப்பு மேடையிலிருந்து பாதி டப்பாவை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"என்னப்பா இது?"

"கிரீம்."

"அது தெரியுது. யாருக்குப் போட்டீங்க?"

"பாதிதான் போட்டேன். இத ஓட்டல்ல கொண்டுபோய் வச்சா தண்ணியா இருக்குன்னு திருப்பி அனுப்பிடுவான்."

"அம்மா என்ன ஓட்டலுக்கா வந்திருக்காங்க?"

"அவளுக்குப் புடிச்ச சூப்பும்மா. வேற எதையும் தொட மாட்டேங்கறா. அதையாவது..."

மகள் அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். சொல்வதா வேண்டாமா என்று யோசித்தது அவள் முகத்தில் தெரிந்தது. பிறகு நாற்காலியை இழுத்து உட்கார்ந்து சொல்லிவிட்டாள்.

"புடிச்ச சூப்பா? சனிக்கிழமைன்னா அம்மா மத்தியானச் சாப்பாடே சாப்பிட மாட்டாங்க, தெரியுமா? உங்க ஃபிளாஸ்க்குக்கு வயித்துல எடம் விட்டு வைப்பாங்க. நீங்க கை கால் கழுவப் போற நேரத்துல பாதிய எனக்கு ஊத்திடுவாங்க. நான் கல்யாணமாகிப் போனேன், முழுசும் அவங்க தலையில விழுந்துச்சு. ஞாயித்துக்கிழமை அம்மா ஏன் வெறும் வயித்தோட படுத்திருப்பாங்கன்னு ஒரு நாளாவது கேட்டிருக்கீங்களா?"

"தையல் வேலை அலுப்புன்னு சொல்லுவா."

"சொல்லுவாங்க. வேற என்ன சொல்லுவாங்க, நீங்க எதிர்ல உக்காந்து கிண்ணத்தையே பார்த்துட்டிருந்தா?"

உள்ளேயிருந்து, "வாய மூடுடி," என்று ஒரு மெலிந்த குரல் வந்தது.

மாஸ்டர் எழுந்துபோய்ப் படுக்கையறை வாசலில் நின்றார். அந்த வீட்டில் அவர் சத்தம் போட்டதுமில்லை, கண் கலங்கியதுமில்லை. அன்றும் இரண்டும் நடக்கவில்லை. கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"என் சூப்பு புடிக்காதா உனக்கு?"

"புடிக்கும்," என்றாள் தையலம்மா. கொஞ்சம் கழித்து, "ஒரு கரண்டி புடிக்கும். அன்னிக்கு ஒரு கரண்டிதானே குடுத்தீங்க? அது நல்லாத்தான் இருந்துச்சு. நான் பொய் சொல்லல. அப்புறம் நீங்க ஃபிளாஸ்க் நெறைய கொண்டாந்தீங்க."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

"மழையில நனைஞ்சுக்கிட்டு, அத மட்டும் நனையாம கட்டிப்புடிச்சுக்கிட்டு வருவீங்க. என்னத்தச் சொல்ல?"

"இந்தச் சூப்பாலதான் உனக்குக் கல்லு வந்துச்சா?"

"டாக்டரம்மாகிட்ட கேட்டேன். அப்படியெல்லாம் சொல்ல முடியாதுன்னாங்க. நீங்க அத வேற தூக்கித் தலையில வச்சுக்காதீங்க."

மாஸ்டர் நம்பினாரா என்று தெரியாது. திரும்பி நடந்து, செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குப் போனார். வெண்ணெய், டின் சோளம், புது டப்பா கிரீம் எல்லாம் வாங்கிவந்தார். மகள் மறிக்கப் போனாள். "இது உங்கம்மாவுக்கு இல்ல," என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பற்றவைத்தார்.

ஓட்டல் சூப்பேதான். ஒரு குறையும் வைக்காமல் செய்தார். ஒரு கிண்ணம் நிறைய ஊற்றிக்கொண்டு, தையலம்மா வழக்கமாக உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தார். முதல் கரண்டி வாயில் போனதும் அவர் தலை தானாக ஆடியது. அது அவருடைய சூப், குற்றம் சொல்ல இடமில்லை. துப்பவில்லை, விழுங்கினார். அடுத்ததும் நன்றாகத்தான் இருந்தது. அதற்கடுத்து நாக்கின் மேல் ஒரு படலம் படிய ஆரம்பித்தது. சோளத்தின் ருசி எங்கோ அடியில் போய், வெண்ணெய் மட்டும் மேலே மிதந்தது. கிண்ணம் பாதி ஆவதற்குள் தொண்டை அடைத்தது. கரண்டியைக் கீழே வைத்தார். எதிர் நாற்காலி காலியாக இருந்தது. அங்கே ஒருவர் உட்கார்ந்து, மலர்ந்த முகத்தோடு தன்னையே பார்த்துக்கொண்டிருந்தால் என்று நினைத்துப் பார்த்தார். மறுபடி கரண்டியை எடுத்து மிச்சத்தையும் குடித்து முடித்தார்.

சாயங்காலம் வரை அவர் ஜன்னலோரம் வயிற்றைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாத்திரத்தில் மிச்சம் இருந்ததை வாங்க வந்த வாட்ச்மேனிடம், "அசல் ஓட்டல் சரக்கு. ஒரு கரண்டிக்கு மேல குடிக்காத," என்றார். வாட்ச்மேன் அதைக் கஞ்சத்தனம் என்று நினைத்துக்கொண்டார்.

மறுநாள் சனிக்கிழமை. டின் சோளத்தைத் தொட மாஸ்டருக்கு மனசில்லை. காய்கறிக் கடையில் மட்டையோடு குவித்து வைத்திருந்த சோளக்கதிர்களைத் தூக்கிவந்தார். இத்தனை காலம் சோள சூப் செய்தவர் முழுக்கதிர் ஒன்றைக் கையால் உரித்தது அன்றுதான். டின்னுக்குத் தண்டு கிடையாதே. நாரைப் பிய்த்தெடுத்து, கதிரை நிறுத்திவைத்துக் கத்தியால் முத்துகளைச் சீவினார். தண்டில் ஏதோ ஒட்டியிருக்கிறதே என்று கத்தியின் முதுகால் வழித்தபோது, வெள்ளையாகப் பால் வடிந்து பலகையில் நின்றது. விரலில் தொட்டு நாக்கில் வைத்தார். கிரீம் போலக் குழகுழவென்று இருந்தது, ஆனால் நாக்கில் படலம் கட்டவில்லை.

அப்படியே நின்றுவிட்டார். பிறகு எல்லாத் தண்டுகளையும் வழித்தார்.

வழித்த தண்டுகளைத் தூக்கி எறியாமல் ஒரு வெங்காயத்தோடும் ஒரு பல் பூண்டோடும் தண்ணீரில் போட்டுக் கொதிக்க விட்டார். தண்ணீர் இளமஞ்சளாகி வாசம் பிடித்ததும் தண்டுகளை எடுத்துவிட்டு, ஒரு சின்ன உருளைக்கிழங்கையும் சோளமுத்துகளையும் அதில் வேகவைத்தார். ஒரு கைப்பிடி முத்தைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, மற்றதையெல்லாம் மிக்ஸியில் அரைத்து வடிகட்டினார். வழித்த சோளப்பாலை ஊற்றிக் கிளறினார். சிறுதீயில் வைத்து, ஆடை எடுத்த பாலைக் கடைசியில் விட்டு, கொதி வருவதற்குள் இறக்கினார். வெண்ணெய் இல்லை, கிரீம் இல்லை, மாவும் இல்லை.

ருசி பார்க்கக் கை கரண்டிக்குப் போனது. எடுத்தார். பிறகு அதை மேஜைமேல் வைத்துவிட்டு, ஒரு கிண்ணத்தை எடுத்து நிறைய ஊற்றிக் கொண்டுபோய் உட்கார்ந்தார். முதல் வாய் சப்பென்று இருந்தது. ஓட்டலில் யாராவது இதை வைத்திருந்தால் அவரே திட்டியிருப்பார். பாதிக் கிண்ணத்தில் இனிப்பு திகட்டியது. அடுத்த தடவை வெங்காயத்தைக் கூட்டினார், அதையும் ஒரு கிண்ணம் குடித்தார், நீர்த்துப்போயிருந்தது. அதற்கடுத்த தடவை உருளைக்கிழங்கு இன்னொன்று சேர்ந்தது. வாசலில் நின்று பார்த்த மகள், "என்னப்பா, சமைக்கிறீங்களா, சாப்பிடறீங்களா?" என்றாள்.

"நம்ம பெரிய மாஸ்டர் பார்த்தா என்னை வேலையை விட்டே தூக்கியிருப்பாரு," என்றார் அவர். "இன்னிக்கு நான் விருந்தாளி."

அதே நேரத்தில் உள்ளே தையலம்மா பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். மகள் போவோம் என்றால் போவோம் என்பதுதான் அவள் முடிவு. தண்ணீர் கொண்டுபோன மாஸ்டர், அவள் தையல் கத்திரிக்கோலை ஒரு துணியில் சுற்றிப் பையின் அடியில் வைப்பதைப் பார்த்தார். அந்தக் கத்திரிக்கோலை அவள் யாருக்கும் இரவல் கொடுத்ததில்லை. ஊருக்குப் போகும்போது எடுத்துப் போனதும் இல்லை. திரும்பி வருகிற இடத்தில்தான் அதை விட்டுப் போவாள். மாஸ்டர் தண்ணீரை வைத்துவிட்டு வெளியே வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மேஜையில் இரண்டு கிண்ணங்கள் இருந்தன. வாசலருகே பை தயாராக நின்றது. தையலம்மா மெதுவாக வந்து உட்கார்ந்தாள். இரண்டாவது கிண்ணத்தைப் பார்த்து, "இவளுக்கா?" என்றாள்.

"எனக்கு," என்றார் மாஸ்டர்.

சட்டைப் பையிலிருந்து கரண்டியை எடுத்து, எதிரில் உட்காராமல் அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, தன் கிண்ணத்தைப் பார்த்துக் குடிக்க ஆரம்பித்தார். பார்க்காமல் இருப்பது எவ்வளவு சிரமமான வேலை என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. காதை மட்டும் அந்தப் பக்கம் விட்டிருந்தார். அவள் கரண்டி கிண்ணத்தில் இடிபடும் சத்தம் கேட்டது. மறுபடி கேட்டது. பிறகு நின்றுவிட்டது.

மாஸ்டர் தலையைத் தூக்கவில்லை. கையில் எடுத்த கரண்டி வாய்க்குப் போகாமல் பாதி வழியில் நின்றது.

"மிளகு பத்தல," என்றாள் தையலம்மா.

மகள் திடுக்கிட்டு அப்பாவைப் பார்த்தாள். அந்த வீட்டில் அவர் கொண்டுவந்த சூப்பைப் பற்றி "நல்லாயிருக்கு" என்பதைத் தவிர வேறொரு சொல் அதுவரை வந்ததில்லை. ஓட்டலில் ஒரு சர்வர் இதே வார்த்தையைச் சொல்லிவிட்டு ஒரு வாரம் அவர் கண்ணில் படாமல் நடந்ததை அவரே சொல்லிச் சிரித்திருக்கிறார்.

மாஸ்டர் எழுந்துபோய் மிளகுத்தூளை எடுத்துவந்து அவள் கைக்கு எட்டும் இடத்தில் வைத்தார். அவள் தூவிக்கொண்டு ஒரு வாய் குடித்தாள். இன்னும் கொஞ்சம் தூவினாள். பிறகு பேசாமல் குடித்தாள், நிதானமாக, இடையில் ஒரு தடவை மூச்சு வாங்கிக்கொண்டு. தனியாக எடுத்து வைத்துப் போட்ட சோளமுத்துகளைத் தேடித் தேடி எடுத்தாள்.

"அடுத்த தடவ இவ்வளவு வடிகட்டாதீங்க. கொஞ்சம் பல்லுல தட்டுப்பட்டாத்தான் சாப்பிட்ட மாதிரி இருக்கும்."

"சரி."

"இது நீங்க எங்க கத்துக்கிட்டீங்க?"

"இங்கதான்," என்றார் மாஸ்டர். அவர் கிண்ணம் காலியாகியிருந்தது.

அவள் கிண்ணத்தின் அடியில் இன்னும் கொஞ்சம் சூப் இருந்தது. தையலம்மா கரண்டியை அதற்குள் விட்டுக் கிண்ணத்தை நகர்த்தினாள். "போதும்," என்றாள். சொல்லிவிட்டு, கல்யாணமானதிலிருந்து முதல் தடவையாக மிச்சம் வைத்த கிண்ணத்தையும் அவர் முகத்தையும் பார்த்தாள்.

"போதும்னா போதும்," என்று மாஸ்டர் கிண்ணத்தை எடுத்தார். தொட்டியடியில் நின்று, அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மிச்சத்தைத் தானே குடித்தார். தண்ணீரைத் திறந்துவிட்டு வெகுநேரம் கழுவிக்கொண்டே இருந்தார்.

மகள் கடிகாரத்தைப் பார்த்தாள். "வண்டிக்கு நேரமாச்சும்மா. என்ன செய்யப் போறீங்க?"

தையலம்மா முழங்கை வரை ஏறியிருந்த வளையலைக் கீழே இறக்கிவிட்டுக்கொண்டாள்.

"பையில அடியில கத்திரிக்கோல் இருக்கு. அத எடுத்து மெஷின் மேல வச்சுட்டுக் கெளம்பு. உங்கப்பா ஏப்ரன் ஓரம் பிரிஞ்சு தொங்குது பாரு."